முன்னுரிமையை வகுப்பவர் யார்?

ஆண்டிற்கொரு தடவை நாட்டின் பல பிரதேசங்களிலே ஒரு கூட்டம் கூடுகின்றது. பெயர் இடத்துக்கிடம் மாறுபடலாம். அமைப்பு பெரிதும் மாறுபடுவதில்லை. சுகாதாரத் திணைக்களம், உள்ளூராட்சி மன்றம், பாடசாலைகள், தொண்டு நிறுவனங்கள், கிராமச் சங்கங்கள் ஆகியன ‘பங்காளர்’ என்னும் பெயரோடு ஒன்றுகூடி, எதிர்வரும் ஆண்டிலே அப்பிரதேசத்தின் பொதுச் சுகாதார முன்னுரிமைகள் எவை என்பதை வகுப்பதே அதன் நோக்கமெனக் கூறப்படுகின்றது. மண்டபத்தின் முன்வரிசை அதிதிகளுக்கு ஒதுக்கப்படுகின்றது. மங்கல விளக்கு ஏற்றப்படுகின்றது. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை என்பன முடிவதற்குள் முற்பகல் கழிந்துவிடுகின்றது. பிற்பகலிலே வரைபுகள் காட்டப்படுகின்றன. டெங்கு, தொற்றா நோய்கள், போசாக்கின்மை, குடிநீர் என நான்கைந்து தலைப்புகள் எழுதப்பட்டு, ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. நன்றியுரையோடு கூட்டம் கலைகின்றது.

அடுத்த ஆண்டும் அதே மண்டபத்திலே, ஏறத்தாழ அதே தலைப்புகள், அதே ஏகமனதோடு ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. சென்ற ஆண்டு ஏற்றுக்கொள்ளப்பட்டவை என்னவாயின என்ற வினா எழுவதில்லை. அவ்வினாவை எழுப்பக்கூடியவர்கள் அம்மண்டபத்திலே இல்லை என்பதே அதற்குக் காரணமாகும்.

இத்தகைய கூட்டங்கள் வேண்டாதன என்று கூறுவதற்கு இடமில்லை. சுகாதாரம் வைத்தியசாலைச் சுவர்களுக்குள் உருவாவதன்று. நீர், உணவு, வீடு, கூலி, கல்வி ஆகியவற்றோடு பிணைந்தது என்பதை ஏற்றுக்கொண்டால், பல துறையினரும் கூடிப் பேசுதல் இன்றியமையாதது என்பதையும் ஏற்றுக்கொள்ளவே வேண்டும். கேள்வி கூட்டம் வேண்டுமா என்பதன்று. முன்னுரிமை என்பது அறிவு சார்ந்த தீர்மானம் மட்டுமா, அன்றி அதிகாரம் சார்ந்த தீர்மானமுமா என்பதே கேள்வி. வருடாந்தக் கூட்டங்கள் முதலாவது விடையை எடுகோளாகக் கொண்டு நடைபெறுகின்றன. வரலாறோ இரண்டாவது விடையையே மீண்டும் மீண்டும் தருகின்றது.

முதலிலே சொல்லின் பொருளை நோக்குதல் தகும். ஒன்றை முன்வைத்தல் என்பது மற்றொன்றைப் பின்வைத்தலாகும். ஒரு பிரதேசத்துக்கு ஒதுக்கப்படும் பணம் அளவுடையது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் நாள் அளவுடையது. வீடுவீடாகச் செல்லும் குடும்பநல மருத்துவமாதின் கால்களுக்கும் ஓர் எல்லையுண்டு. இவற்றை எதிலிருந்து எடுத்து எதற்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும்போதுதான் முன்னுரிமை பிறக்கின்றது. ஐந்து தலைப்புகளையும் ஏற்றுக்கொண்டு, ஒரு ரூபாவையேனும் ஒரு மணித்தியாலத்தையேனும் இடம்மாற்றாது கலையும் கூட்டம் முன்னுரிமை எதனையும் வகுத்ததாகக் கொள்ளமுடியாது. எல்லாவற்றையும் முன்னே வைப்பவர் எதனையுமே முன்னே வைத்தவராகார். அக்கூட்டத்துக்கு முன்னரே, வேறோரிடத்தில், வேறு சிலரால், உண்மையான முன்னுரிமை வகுக்கப்பட்டுவிட்டது என்பதையே அந்த ஏகமனது உணர்த்துகின்றது.

இவ்வுண்மையை விளக்குவதற்கு இலங்கையின் பெருந்தோட்ட வரலாற்றைவிடச் சிறந்த சான்று தேவையில்லை. 1916ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் றொக்ஃபெல்லர் மன்றத்தினர் இந்நாட்டுத் தோட்டங்களிலே கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கமொன்றைத் தொடங்கினர். தோட்டத் தொழிலாளரிடையே அந்நோய் பெருமளவிற் பரவியிருந்தது. புழுவை வெளியேற்றும் மருந்து கொடுக்கப்பட்டது, புழுக்கள் வெளியேறின. ஆயின், மருந்துண்ட தொழிலாளர் வெறுங்காலோடு அதே மண்ணிலே வேலைக்குத் திரும்பினர். அந்த மண்ணிலே மலசலகூடங்கள் இருக்கவில்லை. எனவே நோயும் திரும்பியது. மருந்தோடு மலசலகூடமும் வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் வைத்தியர்களுக்குத் தெரியாததன்று. ஆனால் மலசலகூடம் கட்டுவதற்கான செலவு தோட்டச் சொந்தக்காரருடையது. அவர்களுட் பலர் அச்செலவை விரும்பவில்லை. தொழிலாளியின் உடல் வேலை செய்யும் அளவுக்குத் தேறினாற் போதும் என்பதே அவர்களது கணக்காக இருந்தது. அறிவு வைத்தியரிடம் இருந்தது. நோய் தொழிலாளியிடம் இருந்தது. முன்னுரிமையை வகுக்கும் அதிகாரமோ மூன்றாமவரிடம் இருந்தது. லயன் அறையிலே வாழ்ந்த மனிதரை எவரும் எக்கூட்டத்துக்கும் அழைக்கவில்லை.

இவ்வனுபவம் முற்றிலும் வீணாய்ப் போகவில்லை. தனியொரு நோயைத் துரத்துவதாற் பயனில்லை, ஒரு பிரதேசத்து மக்களின் முழுச் சுகாதாரத்தையும் பொறுப்பேற்கும் நிலையான அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1926ஆம் ஆண்டு களுத்துறையிலே இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. தாய்சேய் நலம், பாடசாலைச் சுகாதாரம், தொற்றுநோய்த் தடுப்பு, நீர், மலசலகூடம் என்பனவெல்லாம் ஒரே குழுவினரின் கடமைகளாயின. இன்று நாடெங்கும் பரந்துள்ள சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளின் மூலம் அதுவே. வறிய நாடொன்று இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு உயிர்களைக் காத்தமைக்கு அவ்வமைப்பும் ஒரு முக்கிய காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அமைப்பு மாத்திரம் அதனைச் சாதிக்கவில்லை. 1931இலே சர்வசன வாக்குரிமை வந்தது. 1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியபோது தோன்றிய மலேரியாப் பெருந்தொற்று, 1935ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் காவுகொண்டது. கேகாலை, குருநாகல் ஆகிய பகுதிகளின் கிராமங்களுக்குச் சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் மருந்தோடு சென்றனர். வயிற்றிலே உணவில்லாத உடலுக்கு மருந்து மட்டும் போதாது என்பதை அங்கு கண்டனர். உணவையும் கொண்டு சென்றனர். அவர்களுட் பலர் 1935 டிசெம்பரிலே லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தனர். நோய் அரசியலாயிற்று. வாக்குக் கேட்டு வந்தவரிடம் கிராமத்து மக்கள் ஆஸ்பத்திரி கேட்டனர், மருத்துவமாது கேட்டனர், பாடசாலை கேட்டனர். பின்வந்த ஆண்டுகளிலே கிராமப்புறச் சுகாதார சேவை விரிவடைந்தமைக்கு அக்கேள்வி எவ்வளவு காரணமோ, அவ்வளவுக்கு நிபுணரின் அறிக்கை காரணமென்று சொல்லமுடியாது.

இவ்விடத்திலேதான் மலையக மக்களின் கதை பிரிந்து செல்கின்றது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு அவர்களது வாக்குரிமையும் போயிற்று. கிராமத்தான் வாக்கைக் காட்டி ஆஸ்பத்திரி கேட்ட அதே காலத்திலே, தோட்டத்துத் தொழிலாளியிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. தோட்டத்துச் சுகாதாரம் கம்பனியின் தயவாகவே நெடுங்காலம் இருந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அந்நிலை மெல்ல மாறத் தொடங்கியது. பிரஜாவுரிமைப் பிரச்சினை சட்டப்படி தீர்வதற்கு 2003ஆம் ஆண்டுவரை செல்லவேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் 17 சதவீதம். தோட்டத்துறையிலே 32 சதவீதம். இருமடங்குக்குச் சற்றே குறைந்த இந்த இடைவெளியைத் தேயிலை மலையின் குளிரோ, தாய்மாரின் அறியாமையோ உண்டாக்கவில்லை. ஒரு சமூகம் கேட்கும் உரிமையை இழந்தால் அதன் பிள்ளைகள் எவ்வளவு உயரம் வளர்வார்கள் என்பதற்கு இது ஓர் அளவுகோல். முன்னுரிமை அதிகாரம் சார்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாக நிறுவ முடியாது.

அவ்வாறாயின், போசாக்கின்மையைப் பட்டியலின் முதலிடத்திலே எழுதும் வருடாந்தக் கூட்டமொன்று மலையகத்திலே என்ன செய்கின்றது? போசாக்குணவு பற்றிய கண்காட்சி, துண்டுப்பிரசுரம், தாய்மாருக்கான விரிவுரை ஆகியவற்றைத் தீர்மானிக்கின்றது. கொழுந்து பறிக்கும் தாயொருத்தி அக்கூட்டத்திலே எழுந்து பேசுவாளாயின், வேறு சிலவற்றைச் சொல்லக்கூடும். கிளினிக் நடைபெறும் முற்பகல் வேளை கொழுந்து பறிக்கும் வேளையே என்பதைச் சொல்வாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் அன்றைய பேர் அரைப்பேராகும் என்பதைச் சொல்வாள். பிள்ளைமடுவத்திலே பிள்ளைக்கு என்ன கிடைக்கின்றது என்பதைச் சொல்வாள். மருத்துவமாதுக்குத் தமிழ் தெரியாதவிடத்துத் தான் தலையாட்டிவிட்டு வரும் கதையையும் சொல்வாள். இவையெல்லாம் சுகாதாரத் தகவல்களே. எந்த வரைபிலும் இடம்பெறாத தகவல்கள். இவற்றுட் சில, கிளினிக்கின் நேரத்தை மாற்றுதல் போன்றவை, பணச்செலவின்றியே தீர்க்கத்தக்கவை. எனினும் கூட்டம் வேலைநாளொன்றின் பகற்பொழுதிலே, நகரத்து மண்டபத்திலே நடைபெறுகின்றது. அதற்கு வருவதானால் அவள் ஒரு நாட் சம்பளத்தை இழக்கவேண்டும். அவளுடைய சார்பிலே பேசுவதற்கு வேறொருவர் அழைக்கப்படுகின்றார்; அவருக்குச் சம்பளம் குறைவதில்லை.

ஈண்டு வழக்கமாக எழுப்பப்படும் மறுப்பொன்றை நேர்மையோடு எதிர்கொள்ளுதல் வேண்டும். பொதுச் சுகாதாரம் விஞ்ஞானம். எந்நோய் எவ்வளவு பரவியுள்ளது, எத்தலையீடு எவ்வளவு பயன்தரும் என்பவற்றைக் கணக்கிட்டே முன்னுரிமை வகுக்கவேண்டும். பொதுமக்கள் கண்ணுக்குத் தெரிவதையே கேட்பார்கள். தடுப்பூசியைவிட ஸ்கான் இயந்திரத்தையும், மலசலகூடத்தைவிட மாடிக் கட்டடத்தையும் விரும்புவார்கள் என்பது அம்மறுப்பு. இதிலே உண்மை இல்லையென்று தள்ளிவிட முடியாது. தடுக்கப்பட்ட நோய் கண்ணுக்குத் தெரிவதில்லை. வராத காய்ச்சலுக்கு எவரும் நன்றி சொல்வதில்லை.

ஆனால் நிபுணரின் முன்னுரிமையும் வழுவாததன்று. 1963ஆம் ஆண்டிலே இந்நாட்டிற் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மாத்திரமே. வெற்றி கிட்டிவிட்டதெனக் கருதி மருந்து தெளித்தல் நிறுத்தப்பட்டது, விழிப்பும் தளர்ந்தது. 1969ஆம் ஆண்டளவில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. எண்கள் சிறிதாகியதும் பட்டியலிலிருந்து நோய் இறங்கியது. பட்டியலிலிருந்து இறங்கியதும் எண்கள் மீண்டும் ஏறின. அதே மலேரியாவை இந்நாடு பின்னர் ஒழித்தது. உள்ளூரில் தொற்றிய இறுதி நோயாளர் 2012 ஒக்டோபரிலே பதிவானார். 2016 செப்ரெம்பரிலே உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாகச் சான்றுபடுத்தியது. போர் நடைபெற்ற ஆண்டுகளிலும் வடக்குக் கிழக்கிலே தமது பணியைக் கைவிடாத களப்பணியாளரும், காய்ச்சல் கண்டவுடன் இரத்தப் பரிசோதனைக்கு வந்த சாதாரண மக்களும் இல்லாமல் அது நிகழ்ந்திராது.

மக்களுக்குத் தெரியாது என்ற கூற்று வேறு சந்தர்ப்பங்களிலும் பொய்த்துள்ளது. கொழும்பை அடுத்த மீத்தொட்டமுல்லையிலே குப்பை மேடு வளர்ந்துகொண்டிருந்தபோது, அதன் அடிவாரத்தில் வாழ்ந்தவர்கள் பல ஆண்டுகளாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். துர்நாற்றம், ஈ, நுளம்பு, கழிவுநீர், சரிந்துவிழும் அபாயம் ஆகிய யாவற்றையும் அவர்கள் கூறினார்கள். 2017 ஏப்ரல் 14ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, மேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைப் புதைத்தது. அதே ஆண்டிலே நாடெங்கும் 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாயினர். குப்பை அகற்றல் சுகாதார முன்னுரிமையா அன்றி நகரசபையின் வேலையா என்று கோப்புகள் வாதிட்டுக்கொண்டிருக்கலாம். நுளம்பு அவ்வேறுபாட்டை அறியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகத்திலே கிணற்று நீரில் எண்ணெய் கலந்திருப்பதை முதலில் உணர்ந்தவர்களும் அந்நீரை அள்ளிய குடும்பத்தினரே. 2014, 2015ஆம் ஆண்டுகளிலே அது பெரும் பிரச்சினையாக வெடித்தபோது ஆய்வறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. சுண்ணக்கற் பாறையின் நிலத்தடி நீரையே பெரிதும் நம்பி வாழ்ந்துவந்த ஒரு குடாநாட்டிலே, கிணற்றங்கரையில் நிற்கும் பெண்ணின் மூக்கும் ஓர் ஆய்வுக்கருவியே. அவள் கூறுவதைக் கேட்கும் ஓர் இடம் இல்லாதபோது நீதிமன்றம் வரை நடக்கவேண்டியிருந்தது.

அறிவையும் அனுபவத்தையும் எதிரெதிராக நிறுத்துவதே தவறு. 1854ஆம் ஆண்டு இலண்டனிலே வாந்திபேதி பரவியபோது, புறோட் வீதியிலிருந்த நீர்க்குழாயே அதன் மூலம் என ஜோன் ஸ்நோ என்னும் வைத்தியர் கண்டறிந்தமை மருத்துவ மாணவர் யாவரும் அறிந்த செய்தி. அதிகம் பேசப்படாத இரு பகுதிகள் அக்கதையில் உண்டு. ஒன்று, அப்பகுதி வீடுகள் ஒவ்வொன்றையும் அறிந்த ஹென்றி வைற்ஹெட் என்னும் இளம் மதகுரு, ஸ்நோவின் கருத்தை முதலில் நம்பாது, தாமே வீடுவீடாக விசாரித்து, ஈற்றில் அதனை உறுதிப்படுத்தினார் என்பது. மற்றது, ஸ்நோ தமது சான்றுகளை எடுத்துச் சென்ற இடம் மகாநாடன்று, அப்பகுதியின் உள்ளூர்ச் சபையொன்றின் கூட்டம் என்பது. செப்ரெம்பர் 7ஆந் திகதி மாலை சபை கேட்டது. மறுநாள் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. வாந்திபேதிக் கிருமி பற்றிய அறிவு மருத்துவ உலகிலே நிலைபெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அது நிகழ்ந்தது. வடமத்திய மாகாணத்திலே 1990களின் நடுப்பகுதி முதல் இனங்காணப்பட்ட நீடித்த சிறுநீரக நோயின் காரணம் பற்றிய விவாதம் தசாப்தங்களாக நீண்டபோது, விவசாயக் குடும்பங்கள் கேட்டது நல்ல குடிநீரையே. முழு விடையும் கிடைக்குமுன்னரே செய்யத்தக்கவை உள்ளன என்பதை அக்கைப்பிடி இன்றும் நினைவூட்டுகின்றது. அந்தச் சபைக்குக் கைப்பிடியைக் கழற்றும் அதிகாரம் இருந்தது என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது. வருடாந்தக் கூட்டங்களுக்கு இல்லாதது அதுதான்.

மக்கள் என்னும் சொல்லையும் ஆராயாது கையாளுதல் தகாது. ஊர் என்பது ஒரே மனமும் ஒரே குரலும் உடையதன்று. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே தாழ்த்தப்பட்டோருக்குப் பொதுக்கிணறு மறுக்கப்பட்ட காலத்தை நினைவிலே வைத்திருப்போர் இன்னும் வாழ்கின்றனர். 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் போராட்டங்கள் நிகழ்ந்தன. நல்ல நீர் எக்கிணற்றில் உண்டு என்பது அன்று நிலவியலின் கேள்வியாக மட்டும் இருக்கவில்லை. அக்கிணற்றிலே வாளியிட எவருக்கு உரிமை என்பதும் சுகாதாரக் கேள்வியே. அத்தகைய ஊரிலே ‘மக்கள் பிரதிநிதி’யாக மண்டபத்துக்கு வந்தமர்பவர் கிணற்றின் சொந்தக்காரராகவே இருந்திருப்பார். இன்றும் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற அதிபர், ஆலய பரிபாலன சபையினர் ஆகியோர் அமர்ந்துவிட்டால் சமூகம் வந்துவிட்டதாகக் கொள்ளப்படுகின்றது. பெண்கள், கூலித்தொழிலாளர், மாற்றுத்திறனாளிகள், மீளக்குடியமர்ந்தோர் ஆகியோர் வரவுப் பதிவேட்டிலே இல்லாதபோது, பங்காளர் என்ற சொல் ஒரு திரைச்சீலையாகிவிடுகின்றது. மக்களை அழைத்தாற் போதாது. எந்த மக்களை என்றும் கேட்கவேண்டும்.

இவை நிறைவேறாத கனவுகள் எனின், உலக அனுபவம் அதனை மறுக்கின்றது. 1978 செப்ரெம்பரிலே அன்றைய சோவியத் கசக்ஸ்தானின் தலைநகரான அல்மா அதாவிலே 134 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். தமது சுகாதாரப் பராமரிப்பைத் திட்டமிடுவதிலும் செயற்படுத்துவதிலும் தனியாகவும் கூட்டாகவும் பங்குகொள்ளுதல் மக்களின் உரிமையும் கடமையும் ஆகுமெனப் பிரகடனம் செய்தனர். செயற்படுத்துவதில் மாத்திரமன்று, திட்டமிடுவதிலும் என்பதே அப்பிரகடனத்தின் உயிர். இலங்கையிலே அதன் முதற்பாதி மறக்கப்பட்டு, சிரமதானத்துக்கும் நுளம்புக்குடம்பி தேடுவதற்கும் மாத்திரமே மக்கள் அழைக்கப்படுகின்றனர்.

பிரேசில் நாட்டினர் அவ்வாறு மறக்கவில்லை. 1988ஆம் ஆண்டின் அரசியலமைப்பு சுகாதாரத்தை யாவருக்குமுரிய உரிமையாக்கியது. 1990ஆம் ஆண்டின் சட்டமொன்று நகரசபை மட்டத்திலும் சுகாதாரச் சபைகளை நிறுவியது. அச்சபைகளின் ஆசனங்களிற் பாதி சேவையைப் பயன்படுத்தும் மக்களுக்குரியவை. அவ்வாறான சபை இல்லாத நகரசபைக்கு மத்திய அரசின் சுகாதார நிதி கிடைக்காது. இந்நிபந்தனையிலேதான் சட்டத்தின் பல் இருக்கின்றது. தாய்லாந்து, 2007ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தின் வழி, 2008 தொடக்கம் ஆண்டுதோறும் தேசிய சுகாதார மாமன்றத்தைக் கூட்டிவருகின்றது. மாகாணங்களின் பிரதிநிதிகள், ஆய்வாளர், அரச அலுவலர், மக்கள் அமைப்பினர் ஆகியோர் அங்கு தீர்மானங்களின் ஒவ்வொரு வரியையும் விவாதிக்கின்றனர். இவையும் குறையற்றனவல்ல, அங்கும் பேசப் பழகியோரே அதிகம் பேசுகின்றனர். ஆயினும் அங்கெல்லாம் கூட்டம் சட்டத்தில் வேரூன்றியுள்ளது. இங்கு அது அலுவலரின் நல்லெண்ணத்திலே தொங்குகின்றது. அலுவலர் இடம்மாறினால் கூட்டமும் மாறிவிடும்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தோடு சுகாதார சேவையின் பெரும்பகுதி மாகாண சபைகளிடம் சேர்ந்தது. உள்ளூர் முன்னுரிமையை உள்ளூரிலே வகுப்பதற்கு அதுவொரு வாயிலாக அமைந்திருக்கலாம். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரிலே முடிவுற்றது. அதன்பின் தேர்தலின்றியே ஆண்டுகள் பல கழிந்தன. தெரிவுசெய்யப்பட்டோர் எவருமற்ற ஒரு மாகாணத்திலே முன்னுரிமைகளை அலுவலர்கள் வகுத்தமைக்கு அலுவலரைக் குறைகூறிப் பயனில்லை. கேட்பதற்கு எவருமில்லாத இடத்திலே நல்ல அலுவலரும் தமது வரைபுகளோடு தனித்தே நிற்கின்றார்.

எனவே வருடாந்தக் கூட்டம் கூட்டமாக வேண்டுமாயின், சில மாற்றங்கள் உடனடியாகவே செய்யத்தக்கன. முதலாவது, சென்ற ஆண்டின் பட்டியல் முதலில் வாசிக்கப்படவேண்டும். ஒவ்வொன்றும் நிறைவேறியதா, இல்லையெனின் ஏன் என்பதைப் பொறுப்பானவர் எழுந்து கூறவேண்டும். அதிதியுரைகள் அதன்பின் நேரமிருந்தால் நிகழட்டும். இரண்டாவது, அப்பிரதேசத்துச் சுகாதார வரவுசெலவு, எளிய தமிழிலும் சிங்களத்திலும், கூட்டத்துக்கு முன்னரே பகிரங்கமாக்கப்படவேண்டும். பணத்தின் அளவு தெரியாதவரிடம் முன்னுரிமை கேட்பது, பணப்பையை மறைத்து வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகச் சொல்வதை ஒக்கும். மூன்றாவது, ஆசனங்களிற் பாதி சேவையைப் பயன்படுத்துவோருக்கு, அதிலும் பாதி பெண்களுக்கு என விதிக்கப்படவேண்டும். வருபவர் இழக்கும் நாட்கூலி ஈடுசெய்யப்படவேண்டும். நான்காவது, கூட்டம் தோட்டத்துப் பாடசாலையிலும் கரையோரத்து வாசிகசாலையிலும் மீள்குடியேற்றக் கிராமத்திலும் மாறிமாறி, மக்கள் வேலை முடிந்து வரக்கூடிய வேளையிலே நடைபெறவேண்டும். ஐந்தாவது, மாறுபட்ட கருத்துகள் கூட்டறிக்கையிலே அவ்வாறே பதியப்படவேண்டும். ஏகமனது என்பது பெரும்பாலும் எவரோ பேசாதிருந்தமையின் மறுபெயர்.

மொழி பற்றித் தனியே ஒரு வார்த்தை கூறவேண்டும். 1848ஆம் ஆண்டு, மேல் சிலேசியாவிலே பரவிய கொள்ளைக் காய்ச்சலை ஆராயுமாறு பிரஷ்ய அரசு ருடோல்ஃப் விர்ஷோ என்னும் இளம் வைத்தியரை அனுப்பியது. அங்கு வாழ்ந்த வறிய மக்கள் போலிஷ் மொழி பேசுவோர். ஆள்வோரின் மொழி ஜேர்மன். விர்ஷோ திரும்பிவந்து மருந்துப் பட்டியலொன்றைக் கொடுக்கவில்லை. கல்வி, சுயாட்சி, நல்வாழ்வு ஆகியவற்றோடு அம்மக்களின் மொழிக்கு ஆட்சியுரிமையையும் விதந்துரைத்தார். தன் வலியைத் தன் மொழியிற் சொல்லமுடியாதவர் தன் முன்னுரிமையையும் சொல்லமுடியாது என்பதை ஒன்றேமுக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே ஒரு வைத்தியர் கண்டிருந்தார். இந்நாட்டிலே மலையகத்துக் கிளினிக்குகள் பலவற்றில் அது இன்னும் காணப்படாத உண்மையாகவே இருக்கின்றது.

பல்கலைக்கழகங்களுக்கும் இதிலே பங்குண்டு. அல்மா அதாப் பிரகடனம் வெளிவந்த அதே 1978ஆம் ஆண்டிலேதான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடமும் தொடங்கியது. பேராதனையின் மாணவர் கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களைத் தம் விடுதி யன்னலிலிருந்தே காணலாம். சமூக மருத்துவம் பயிலும் மாணவர் ஆண்டுதோறும் கிராமத்துக்குச் செல்கின்றனர்; வினாக்கொத்தை நிரப்பித் திரும்புகின்றனர்; ஆய்வுக்கட்டுரை நூலகத்தை அடைகின்றது. விடையளித்த குடும்பத்துக்கு அதன் முடிவு திரும்பிச் செல்வதில்லை. அவ்வறிக்கை வருடாந்தக் கூட்டத்தின் மேசையிலே, அக்குடும்பத்தினரின் முன்னிலையிலே, அவர்களின் மொழியிலே வாசிக்கப்படுமாயின், அறிவும் அனுபவமும் ஒரே மண்டபத்திலே முதன்முறையாகச் சந்திக்கக்கூடும். பட்டம் பெற்றவர் அங்கு கற்பிப்பதற்கு மாத்திரமன்றிக் கேட்பதற்கும் அமரவேண்டியிருக்கும்.

கொழுக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்த வைத்தியருக்கு மலசலகூடத்தின் அவசியம் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் அது கட்டப்படவில்லை. அன்று முதல் இன்று வரையுள்ள நூறாண்டுக்கு மேற்பட்ட கால இடைவெளியிலே மருந்துகள் பெருகியுள்ளன; வரைபுகள் அழகாகியுள்ளன; கூட்டங்கள் ஒழுங்காக நடைபெறுகின்றன. லயன் அறையிலிருந்து புறப்பட்டு வந்து, ‘சென்ற வருடம் எழுதியதை ஏன் செய்யவில்லை?’ என்று கேட்பதற்கு ஓர் ஆசனம் மாத்திரம் இன்னும் போடப்படவில்லை. அடுத்த கூட்டத்துக்கான அழைப்பிதழ்கள் அச்சேறுமுன் அந்த ஆசனம் போடப்படவேண்டும். முன்னுரிமைகளின் பட்டியலிலே முதலாவதாக எழுதப்படவேண்டியது அதுவே.